நாற்பது வேலியும் ஓர் இரவும்: மாயப்புனைவு ஆய்வும் நந்தன் கதையும்



மாயப்புனைவையும் அறிவியல் புனைகதையையும் கல்விப்புலம் எப்படி ஆராய்ந்து வந்திருக்கிறது என்பதே இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். அழைப்பிதழைப் பார்த்த சிலர், இது பூதலூரில் பேச வேண்டிய பொருள்தானா என்று கேட்டார்கள். நிலம், கூலி, கோயில், தீ என்று பேசுவதற்கு நமக்கு எவ்வளவோ இருக்கிறதே என்றார்கள். நானும் நிலம், கூலி, கோயில், தீ ஆகியவற்றைத்தான் பேசப் போகிறேன். கல்லணையிலிருந்து தண்ணீர் பிரிந்து ஓடும் இந்த வட்டாரத்தில் மாயக்கதை என்று ஒன்றை எடுத்தால் அது கடைசியில் வயலில்தான் போய் நிற்கும். ஊர்ப் பெயரில் பூதத்தைத் தேடி யாரும் சிரிக்க வேண்டாம். பூதங்கள் வேறு இடத்தில் வருகின்றன.

எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஆதனூர் நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போய்வர அனுமதி கேட்கிறான். வேதியர், நாற்பது வேலி நிலத்தின் வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். ஓர் இரவுக்குள் சிவனின் பூதகணங்கள் வந்து அதை முடித்து வைக்கின்றன. விடிந்து பார்த்த வேதியர் தன் ஆளின் காலிலேயே விழுகிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' வழியாகக் கதாகாலட்சேபத்துக்கும் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போன கதை இது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். 1942இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார்.

நாற்பது வேலி என்பது எவ்வளவு? தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஆக நாற்பது வேலி ஏறக்குறைய 267 ஏக்கர். கைநடவுக்கு ஏக்கருக்குப் பன்னிரண்டு பெண்கள் என்று வைத்தால்கூட நடவுக்கு மட்டும் சுமார் 3,200 ஆள் நாள். நாற்றங்கால், உழவு, பரம்பு, களை, அறுப்பு, கட்டுத் தூக்குவது, போரடிப்பது எல்லாம் இதற்கு வெளியே. சம்பா என்றால் ஏறக்குறைய ஐந்து மாதம். இவ்வளவும் ஒரே இரவில். பாடகர் அந்த இடத்தைப் பாடும்போது சபை மெய்சிலிர்த்துக் கேட்டது. 3,200 ஆள் நாள் என்று அந்தச் சபையில் யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கு உடம்பில் இருந்தவர்களுக்குச் சபையில் இடம் இல்லை.

இதுபோன்ற கதைகளைப் பல்கலைக்கழகம் எந்தக் கண்ணால் பார்த்தது என்பதற்கு இப்போது வருகிறேன்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்கூட இந்த ஆய்வுக்கு வயது அதிகமில்லை. 1939 மார்ச் 8ஆம் தேதி ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் தேவதைக் கதைகள் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதுவும் நினைவுச் சொற்பொழிவு மரபில் வந்ததுதான். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ஆண்ட்ரூ லாங் பெயரில் அமைந்தது. மாயக்கதை என்பது குழந்தைகளுக்கான மிச்சச் சோறு அல்ல, பெரியவர்கள் பொறுப்போடு படிக்கவேண்டிய இலக்கியம் என்று அவர் வாதிட்டார். தப்பித்தல் என்ற வசைச் சொல்லையும் எடுத்துக்கொண்டு ஒரு வேறுபாடு சொன்னார். சிறையில் இருப்பவன் வீட்டுக்குப் போக நினைப்பதும், படையை விட்டு ஒருவன் ஓடிப்போவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். நந்தன் தினமும் நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் படித்ததில்லை. நம் பேராசிரியர்கள் அதைப் பக்தி என்று மட்டும் படித்தார்கள். பண்ணையை விட்டு வெளியே போகக் கால் துடித்த ஒருவன் அதற்குள் இருக்கிறான்.

1959இல் அமெரிக்காவில் அறிவியல் புனைகதைக்கென்று 'எக்ஸ்ட்ராபொலேஷன்' என்ற ஆய்விதழ் தொடங்கியது. 1970இல் பாரீசில் பல்கேரியரான த்ஸ்வேதான் தொதரோவ் விந்தை இலக்கியம் பற்றித் தம் நூலை வெளியிட்டார். 1973இல் 'சயன்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்டடீஸ்' வந்தது. அதன் தொடக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் யூகோஸ்லாவியாவிலிருந்து கனடா போன டார்கோ சுவின். இந்த இருவரின் கருத்துகளை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். மற்றவை பாடநூலில் கிடைக்கும்.

தொதரோவ் சொன்னது இது: கதையில் நடப்பது இயற்கைக்கு உட்பட்டதா, அப்பாற்பட்டதா என்று வாசகர் தயங்கி நிற்கும் அந்தக் கணமே விந்தை இலக்கியம். விளக்கம் கிடைத்துவிட்டால் அது வெறும் வினோதம். அதிசயம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அது அற்புதக் கதை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தயக்கமே முக்கியம்.

சுவின் வேறு திசையில் போனார். அறிவியல் புனைகதை நமக்குப் பழகிய உலகத்தை நமக்கே அந்நியமாக்கிக் காட்டுகிறது, ஆனால் அறிவுக்குப் பொருந்தும்படி காட்டுகிறது என்றார். அப்படிப்பட்ட கதையில் ஏதோ ஒரு புதுப்பொருள் வந்து சேரும். அது ஓர் இயந்திரமாக இருக்கலாம், ஒரு கோளாக இருக்கலாம். அந்த ஒன்று வந்ததும் உலகத்தின் ஒழுங்கே மாறிவிடும். தேவதைக் கதைகளையும் மாயக்கதைகளையும் அவர் கீழே வைத்தார். அவற்றில் அறிவுக்கு வேலை இல்லை என்பது அவர் எண்ணம். மார்க்சியரான அவர் இப்படிப் பிரித்தது எனக்கு ஏற்புடையதல்ல. பின்னாளில் அவரே மாயப்புனைவுக்கு ஓரளவு இடம் கொடுத்தார்.

இந்த இரண்டு அளவுகோல்களையும் காவிரிக் கரைக்குக் கொண்டுவந்து நந்தன் கதைமேல் வைத்துப் பார்ப்போம். அதற்கு முன் அந்தக் கதை எப்படிப் படிப்படியாக வளர்ந்தது என்று தெரிய வேண்டும்.

சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவார் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. நம்பியாண்டார் நம்பி சிறிது விரிக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் முழுக்கதை சொல்கிறார். அதில் வேதிய ஆண்டை இல்லை. நாற்பது வேலி இல்லை. நந்தனுக்கென்று ஊர்த்தொழில் மானியம் உண்டு. அவர் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். திருப்புன்கூரில் சிவனைக் காண மறைத்த நந்தி விலகுகிறது. தில்லையில் தீ மூட்டுகிறார்கள். அதில் இறங்கிப் பூணூல் அணிந்த முனிவராக வெளியே வருகிறார். பிறகு சந்நிதிக்குள் போய் மறைந்துவிடுகிறார்.

மாயப்புனைவு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. கற்பனை உலகம் எதுவானாலும் அதற்கு ஒரு சட்டம் இருக்கும். பறக்கலாம் என்றால் எப்போது பறக்கலாம், எப்போது முடியாது என்பதற்கு விதி இருக்கும். அந்த விதியைக் கண்டுபிடித்தால் அந்த உலகத்தைக் கட்டியவன் மனம் தெரிந்துவிடும். சேக்கிழாரின் கதை உலகத்தில் விதி என்ன? கல் நந்தி நகரலாம். கடவுள் கனவில் வந்து பேசலாம். தீ ஒருவனைச் சுடாமல் விடலாம். ஒரு பறையர் பறையராகவே தில்லைக்குள் நுழைவது மட்டும் முடியாது. இயற்கையின் விதிகள் எல்லாம் வளைகின்றன, சாதியின் விதி ஒன்றுதான் வளையவில்லை. எது மாயம் என்று கேட்பதைவிட, மாயத்தாலும் தொட முடியாதது எது என்று கேட்பதே நமக்கான ஆய்வு முறை என்று நினைக்கிறேன்.

1939 மார்ச்சில் டோல்கீன் பேசிய நான்கே மாதத்தில், ஜூலை 8ஆம் தேதி, வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கனும் மற்ற தோழர்களும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். அங்கே யாரும் தீக்குளிக்கவில்லை. நந்தி விலகவும் இல்லை. போனவர்களைக் காப்பாற்ற அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. சேக்கிழார் காலத்திலிருந்து தீயாலன்றி முடியாது என்று சொல்லப்பட்டது, காகிதத்தில் கையெழுத்துப் போட்டவுடன் முடிந்தது.

இனிக் கோபாலகிருஷ்ண பாரதி. அவர் மாயவரத்துப் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். பண்ணையையும் பண்ணையாளையும் கண்ணால் கண்டவர். அவருடைய கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி சீசே ஆதரவில் அச்சேறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்க முதலில் தயங்கினார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்பது காரணம். பிறகு பாரதி பாடக் கேட்டு மனம் இளகிக் கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். மக்கள் கேட்டு மகிழ்ந்த கதைக்குள் நுழையக் கல்விப்புலம் காட்டிய முதல் தயக்கம் இலக்கணத்தின் பெயரால் வந்தது. பண்ணையாளின் கதி பற்றிய தயக்கமாக அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாரதி ஏன் ஆண்டையைச் சேர்த்தார்? 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமைமீது எவருக்கும் உள்ள உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரியில் அமலுக்கு வந்து, ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கீர்த்தனை உருவாகி மேடை ஏறியது. சட்டப்படி யாரும் யாருக்கும் அடிமை இல்லை. ஆனாலும் கதையில் நந்தன் ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கைகட்டி நிற்கிறான். சபை அதை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. பாரதி ஆண்டையைக் கொடியவராகக் காட்டுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்குள் ஓர் இரக்கம் இருந்தது. ஆனால் அந்த இரக்கத்துக்குச் சட்டத்தின் துணையும் கிடைக்கவில்லை, சேரியின் துணையும் கிடைக்கவில்லை. பூதங்கள்தான் வந்தன.

பூதங்கள் வேலை செய்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். அந்தப் பண்ணையில் நந்தன் ஒருவன்தானா ஆள்? சேரியில் மற்றவர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் டெல்டாவில் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் சாப்பிடுவது அறுப்புக் கூலியையும் களத்தில் அளக்கும் நெல்லையும் நம்பித்தான். நாற்பது வேலியையும் பூதம் முடித்துவிட்டால் அந்தப் பருவத்தில் சேரிக்கு எத்தனை மரக்கால் நெல் வந்தது? கீர்த்தனையில் இதற்குப் பதில் இல்லை. நான் பார்த்த ஆய்வுகளிலும் இந்தக் கேள்வி இல்லை. வேதியர் நந்தன் காலில் விழுந்தார், சரி. விளைச்சல் யார் பத்தாயத்துக்குப் போனது? அதிசயத்தால் லாபம் அடைந்தவர் வேதியரே. ஒரு காசு கூலி கொடுக்காமல் 267 ஏக்கரும் முடிந்தது.

சுவின் சொன்ன புதுப்பொருளை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். கூலி கேட்காத, தூங்காத, சோறு தின்னாத உழைப்பாளி. இருபதாம் நூற்றாண்டு அறிவியல் புனைகதையில் அதற்கு ரோபோ என்று பெயர். அந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய நாடகம். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து அது வந்தது. அந்த நாடகத்தில் ரோபோக்கள் கிளர்ந்து எழுகின்றன. நம் கதையின் பூதங்கள் கிளர்ந்து எழவில்லை, வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டன. இன்று நம் வயல்களில் நடவு மெஷினும் அறுப்பு மெஷினும் ஓடுகின்றன. வரப்பில் நின்று பார்க்கும் பெண்களைக் கேளுங்கள். நாற்பது வேலிக் கதைக்கு அவர்கள் சொல்லும் விளக்கம் எந்த ஆய்வேட்டைவிடவும் நேரடியாக இருக்கும்.

ஆண்டையைச் சொன்னபோதே ஒன்றைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 1934இல் புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்று ஒரு கதை எழுதினார். ஆதனூரே களம். அங்கே அதிசயத்தின் இடத்தில் ரயில் வருகிறது. தீயின் வேலையை இஞ்சின் செய்கிறது. ஒரு புராணத்தை அறிவியல் யுகத்துக்குப் பெயர்த்த முயற்சியாக யாராவது அதைப் படிக்கலாம். இந்த ஊர் வழியாகவே ரயில் போகிறது.

தொதரோவுக்குத் திரும்புவோம். நம்புவதா, நம்பாமல் இருப்பதா என்ற தயக்கம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்று சொன்னதும்தான் அவர்கள் செய்த குற்றம். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் சிலரைக் குற்றவாளிகள் என்றது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை நாம் மறக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலம் வைத்திருக்கும் மிராசுதாரர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது.

தொதரோவின் புத்தகம் 1970இல் வந்தது. இந்தத் தீர்ப்பு 1973இல் வந்தது. இலக்கியத்தில் பேய் வந்தபோது வாசகர் தயங்குவதை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். இங்கே 44 உடல்கள் கண்முன் இருந்தன, நீதிபதிகள் தயங்கினார்கள். தில்லையில் தீ ஒருவரைச் சுடவில்லை என்பதை எண்ணூறு ஆண்டுகளாகத் தயங்காமல் நம்பிய சமூகம், வெண்மணியில் பணக்காரர் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார் என்பதை நம்பத் தயங்கியது. யதார்த்தம் எது, கற்பனை எது என்று பிரிக்கும் கோடு இலக்கிய வகைமை பற்றிய ஆய்வில் மட்டும் இல்லை. அது நீதிமன்றத்தில் இருக்கிறது, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதும் மேசையில் இருக்கிறது. இதனால்தான் இந்தப் பொருளைப் பூதலூரில் பேச ஒப்புக்கொண்டேன்.

அயோத்திதாசப் பண்டிதரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. 1907 முதல் 1914 வரை அவர் நடத்திய இதழிலும் 'இந்திரர் தேச சரித்திரம்' நூலிலும் நந்தன் வேறு ஆளாக வருகிறார். பண்ணையாள் அல்ல, பௌத்த அரசர். வேஷ பிராமணர்களைக் கேள்வி கேட்டவர், அவர்களுடைய சூழ்ச்சியால் கொல்லப்பட்டவர். பண்டிதரின் சொல்லாராய்ச்சியைக் கல்விப்புலம் நெடுங்காலம் கண்டுகொள்ளவே இல்லை. கண்டுகொண்ட சிலரும் அதைக் கற்பனை என்று ஒதுக்கினார்கள். 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து அவருடைய எழுத்துகள் வெளிவந்த பிறகுதான் நிலைமை மாறியது. டி. தருமராஜ், ஸ்டாலின் ராஜாங்கம் போன்றோர் அவரைப் புதிதாகப் படித்துக் காட்டினார்கள்.

மேலை ஆய்வில் மாற்று வரலாறு என்று ஒரு புனைவு வகையே உண்டு. ஹிட்லர் போரில் வென்றிருந்தால் என்ற ரகம். பண்டிதரையும் அந்த அலமாரியில் வைத்துவிடலாம் என்று ஆசை வரும். கருத்தரங்குக் கட்டுரைக்கு அது நன்றாகவும் இருக்கும். நான் அதை ஏற்கவில்லை. மாற்று வரலாறு எழுதும் நாவலாசிரியர் தாம் எழுதுவது நடக்காதது என்று தெரிந்தே எழுதுகிறார். பண்டிதர் நடந்தது இது என்றார். அவருடைய சான்றுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், மறுக்க வேண்டியதை மறுங்கள். ஆனால் சேக்கிழார் சொன்னதை வரலாற்று ஆதாரமாகவும் பண்டிதர் சொன்னதைப் புனைவாகவும் வகைப்படுத்தும் நூலகத்தை முதலில் கேள்வி கேளுங்கள். இரண்டுமே ஒரு மனிதன் எப்படிக் காணாமல் போனான் என்பதை விளக்கும் கதைகள். ஒன்றில் அவன் கடவுளோடு கலந்தான். மற்றொன்றில் கொல்லப்பட்டான்.

கதைப்பாடல்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கில மாயப்புனைவில் அலுத்துப்போன உத்தி ஒன்று இருக்கிறது: எளிய வீட்டில் வளரும் பிள்ளை கடைசியில் அரச வம்சம் என்று தெரியவரும். தமிழில் இது நமக்கு வேண்டாத அளவு பழக்கம். மதுரை வீரன் சக்கிலியர் வீட்டில் வளர்கிறான், ஆனால் பிறப்பால் அரசகுமாரன் என்று அச்சுப் பிரதிகள் சொல்லும். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அப்படியே சொன்னது. காத்தவராயன் பார்ப்பனப் பெண் ஆரியமாலையைத் தேடி உருமாறி உருமாறிப் போகிறான், கடைசியில் கழுவேற்றப்படுகிறான். அவனுக்கும் தெய்வப் பிறப்பு ஒன்று ஒட்டப்பட்டது. நா. வானமாமலை போன்றோர் இந்தப் பிறப்புக் கதைகள் பின்னால் சேர்க்கப்பட்டவை, சாதி கலந்த காதலை மேல்சாதி வாசகருக்குச் செரிக்கச் செய்தவை என்று சுட்டினார்கள். பேராசிரியர் டேவிட் ஷுல்மன் போன்ற வெளிநாட்டு ஆய்வாளர்கள் காத்தவராயனைத் தொன்மமாகவும் தந்திரக்காரனாகவும் விரிவாக ஆராய்ந்தார்கள். படிக்க வேண்டிய ஆய்வுதான். ஆனால் அந்தக் கழுமரம் குறியீடாக மாறிக்கொண்டே போகப்போக, அது ஒரு தண்டனைக் கருவி என்பது மங்கிவிடுகிறது. ஆணவக் கொலைச் செய்தியை நாளிதழில் படிக்கும் மாணவருக்கு அது மங்காது.

பிற நாட்டு ஒடுக்கப்பட்டோர் இந்த வகைமையை எப்படிக் கையாண்டார்கள் என்பதும் தெரிய வேண்டும். சமூகவியல் ஆய்வாளரான டபிள்யூ.இ.பி. துபாய்ஸ் 1920இல் 'வால்நட்சத்திரம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுகதை வெளியிட்டார். வங்கியில் கடைநிலை வேலை பார்க்கும் கறுப்பின மனிதர் நிலவறைக்குள் அனுப்பப்படுகிறார். அந்த நேரம் வால்நட்சத்திரத்தின் நச்சுவாயு நியூயார்க் நகரையே கொன்றுவிடுகிறது. மிஞ்சியது அவரும் ஒரு பணக்கார வெள்ளைப் பெண்ணும். சில மணி நேரம் நிறம் என்ற பேச்சே இல்லை. பிறகு வெளியூரிலிருந்து வெள்ளையர்கள் வருகிறார்கள். உடனே பழைய வசவும் திரும்புகிறது. நிறவெறி அறுபட ஊரே சாக வேண்டியிருந்தது என்பதை ஆய்வுக் கட்டுரையில் சொல்ல முடியாமல் அவர் கதையில் சொன்னார் என்றே படிக்கிறேன். நந்தி விலகியும் மதில் விலகாத நம் கதைக்கு இது தூரத்துச் சொந்தம்.

ஆக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய நாவலில் இருபதாம் நூற்றாண்டுக் கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமைப் பண்ணைக் காலத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள். காலப் பயணத்துக்கு இயந்திரம் எதுவும் இல்லை, விளக்கமும் இல்லை. அந்தப் பட்லரைப் பற்றிய கடிதங்களும் கட்டுரைகளும் அடங்கிய நூல் ஒன்றைத் தொகுத்தவர்களில் ஒருவர் வங்காளத்துத் தலித் எழுத்தாளர் மிமி மொண்டல். 2018இல் அது லோகஸ் விருது பெற்றது, ஹ்யூகோ விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. 2024இல் சென்னையில் பிளாஃப்ட் பதிப்பகம் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைகதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு வெளியிட்டது.

தமிழில் அறிவியல் புனைகதை ஆய்வு என்றால் பெரும்பாலும் சுஜாதாவில் தொடங்கி சுஜாதாவில் முடியும். 'என் இனிய இயந்திரா'வில் பெயர்கள்கூட இரண்டெழுத்தாகச் சுருங்கிப்போன ஓர் எதிர்கால அரசு வருகிறது. விறுவிறுப்பான நாவல். இயந்திர நாய் ஜீனோவை யாருக்குப் பிடிக்காது? ஆனால் பெயர் சுருங்கியதும் சாதி எங்கே போனது என்று ஆய்வாளர் கேட்டிருக்க வேண்டும். அதற்கு நெடுங்காலம் முன்பே பெரியார் 'இனிவரும் உலகம்' என்று பேசி, அது சிறு நூலாகவும் வந்தது. கம்பியில்லாக் கருவிகள், கருவிகள் வழியாகப் பிள்ளைப்பேறு, உழைப்பு நேரம் குறைதல் என்று பேசியவர், வேலையில் மேல் கீழ் இல்லாத நிலையையும் சேர்த்தே பேசினார். அதைப் பகுத்தறிவுப் பிரச்சாரம் என்ற அடுக்கில் வைத்துவிட்டார்கள். அறிவியல் புனைவு வரலாற்றின் முதல் பக்கங்களில் அது இருக்க வேண்டும்.

தலித் எழுத்தாளர் என்றால் தன்வரலாறுதான் எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இங்கே இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது கிடைத்த வரவேற்புக்குப் பின்னால் பாதி அன்பு, பாதி இந்த எதிர்பார்ப்பு. பட்ட துயரத்தைச் சாட்சியாகச் சொல், கற்பனையை மற்றவர் பார்த்துக்கொள்வார்கள் என்பதுபோல. அவருடைய 'சங்கதி'யில் பேய் பிடிக்கும் பெண்கள் வருகிறார்கள், இசக்கி கதை வருகிறது. ஏன் நம் பெண்களையே பேய் பிடிக்கிறது என்று கதைசொல்லி யோசிக்கிறாள். விந்தை இலக்கிய ஆய்வுக்கு இதைவிட நல்ல பாடம் எது? பேயும் இருக்கிறது, பேய்க்கான காரணத்தை வீட்டுவேலையிலும் வயல்வேலையிலும் தேடும் அறிவும் இருக்கிறது.

அறிவு என்றதும் சேக்கிழாரின் பட்டியல் நினைவுக்கு வருகிறது. தோல், வார், நரம்பு, கோரோசனை. எந்தத் தோல் எந்த முரசுக்கு ஆகும், மழைக்காலத்தில் வார் தளராமல் இருக்க என்ன செய்ய வேண்டும், நரம்பை எவ்வளவு மெல்லிதாக முறுக்கினால் யாழ் சுருதி சேரும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்த அறிவியல். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் பதனிடும் வேதியியல். கோயிலுக்குள் ஒலித்த ஒலி முழுவதும் வெளியே நின்றவன் செய்த பொருளிலிருந்து வந்தது. இந்தக் கதையில் அறிவுக்குப் பொருந்தும் பகுதி அதுதான். அதை இரண்டு மூன்று பாட்டில் சொல்லிக் கடந்து, தீயை விரித்துப் பாடினார்கள். கீர்த்தனைக்கு வரும்போது அந்தத் தோல் அறிவு பின்னால் போய், நந்தன் பண்ணையாளாக மட்டும் மிஞ்சினான்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களில் சிலர் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பதாகத் தோழர்கள் சொன்னார்கள். தொதரோவையும் சுவினையும் படியுங்கள், அடிக்குறிப்புக்கு உதவும். அதோடு ஒரு நோட்டையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு திருப்புன்கூருக்கும், ஆதனூர் என்று பெயர் சொல்லப்படும் ஊர்களுக்கும், உங்கள் சொந்தத் தெருவுக்கும் போங்கள். நடவு நட்டுக் கை காய்த்த அம்மாக்களிடம் நந்தன் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள். அவர்கள் கதையில் பூதங்கள் வருகின்றனவா, வந்தால் அவை யார், பெண் பூதங்கள் உண்டா, நாற்று பறித்தது யார், விடிந்த பிறகு களத்தில் எத்தனை மரக்கால் அளந்தார்கள், சேரிக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.